தண்ணீர்ப்பாம்புதானே!

ஐப்பசி மழை தொடங்கிச் சம்பாப் பயிர் தூர்கட்டும் நாட்களில், திருநள்ளாற்றை அடுத்த சுரக்குடியிலிருந்து நமக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் இப்பகுதியை மாதந்தோறும் வாசித்து வரும் ஒரு குடும்பத் தலைவர். சிறிது நிலம் சொந்தமாகவும் சிறிது குத்தகையாகவும் வைத்துப் பயிர் செய்பவர். மடையை அடைத்துவிட்டு வரும்படி ஒருநாள் மாலை தம் பன்னிரண்டு வயது மகனை வயலுக்கு அனுப்பியிருக்கிறார். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிய பையனின் கணுக்காலை ஏதோ ஒன்று கவ்வியது. அவன் காலை உதறினான். ஒன்றரை முழ நீளத்தில் ஒரு பாம்பு வாய்க்காலோடு நெளிந்து மறைந்தது. இரத்தம் வழிய வீட்டுக்கு ஓடி வந்தவனைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடினர். "தண்ணிக்குள்ளதானே கடிச்சுது? அப்ப தண்ணிப்பாம்புதான். ஒண்ணும் பண்ணாது. மஞ்சளை வச்சுக் கட்டு, காலையில சரியாப் போயிடும்" என்று ஒரு பெரியவர் தீர்ப்புக் கூறினார். எல்லாரும் கலைந்து போயினர்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை; மறுநாள் பள்ளிக்கூடம் போனான். ஆனால், "அன்றிரவு முழுவதும் அவன் தாயார் செபமாலையும் கையுமாக அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் உறக்கமில்லை. தண்ணீர்ப்பாம்புதான் என்று எல்லாரும் சொன்னோமே தவிர, நிச்சயமாகத் தெரிந்தவர் எங்களில் ஒருவருமில்லை" என்று எழுதுகிறார் அந்தத் தந்தை. பிறகு மூன்று கேள்விகள் கேட்கிறார். நச்சுப்பாம்பையும் நஞ்சற்ற தண்ணீர்ப்பாம்பையும் எப்படிப் பிரித்தறிவது? அன்று நாங்கள் செய்தது சரியா? எங்கள் கொல்லைக் கிணற்றில் இரண்டாண்டாய்க் குடியிருக்கும் ஒரு பாம்பை அடித்துவிடலாமா?

முதற்கேள்வி மிகப் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்தில் விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டதும் இதுவே. பாம்பு கடித்தவரைக் காப்பதற்கு முன், எது நஞ்சுடையது எது நஞ்சற்றது என்று பொதுமக்கள் அறிய ஒரு வழி வேண்டும் என அவர் எண்ணினார். சோழமண்டலக் கரையின் பாம்புகளைத் தேடிப் பெற்று, அவற்றின் வாயைத் திறந்து நச்சுப்பல் உண்டா என ஆராய்ந்து, வண்ணப் படங்களோடு 1796-ல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அவர் கண்ட பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவையே. அக்காலத்தில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்று ஒரு பாம்புக்கடி மருந்து பெரும்புகழ் பெற்றிருந்தது. அதனையும் அவர் ஆராய்ந்தார். அம்மாத்திரையில் வெள்ளைப் பாஷாணம் கலந்திருந்தது! நம் காவிரிக் கரையின் பெயரைத் தாங்கி அப்படி ஒரு மருந்து உலவியது என்பதை எண்ணும்போது சற்றே வெட்கமாகத்தான் இருக்கிறது. கண்ணாடிவிரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றளவும் ரஸ்ஸலின் பெயரே வழங்குகிறது.

கடிதம் கிடைத்த வாரத்து ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் நாம் சுரக்குடிக்கே போய் வந்தோம். பையன் கடிபட்ட மடைவாயில் முதியவர் ஒருவர் மீன்பறி வைத்திருந்தார். நல்வாய்ப்பாக, அன்று அவருடைய பறியில் கெண்டையோடு ஒரு பாம்பும் அகப்பட்டிருந்தது. நாம் குனிந்து பார்க்கவும், அது தலையைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறியது. நம்முடன் வந்த இளைஞர், "ஐயோ, நல்லபாம்பு!" என்று பின்வாங்கினார். முதியவர் சிரித்தார். "நல்லாப் பாருங்க தம்பி. இது கண்ணுக்குக் கீழ ரெண்டு மை கோடு இருக்கு பாருங்க, அழுத புள்ளைக்குக் கண்ணு மை வழிஞ்ச மாதிரி. இது தண்ணிப்பாம்பு. ஆனா கையை வச்சிராதீங்க. விசம் இல்லாட்டியும் கவ்வுற கவ்வுல ரத்தம் சொட்டும்" என்றார்.

அம்முதியவர் கூறியதை விடச் சிறந்த அடையாளத்தை விலங்கியல் நூலும் கூறவில்லை. தண்ணீர்ப்பாம்பு, நீர்க்கோலி என்றெல்லாம் வழங்கும் இப்பாம்புக்குக் கண்ணின் கீழிருந்து உதடு வரை ஒரு கருங்கோடும், கண்ணின் பின்னிருந்து வாயின் கோடி நோக்கி மற்றொரு கருங்கோடும் சாய்வாக ஓடும். உடல் மஞ்சள் கலந்த பழுப்பாகவோ பச்சை கலந்த பழுப்பாகவோ இருக்கும். அதன்மேல் சதுரங்கப் பலகையில் கட்டம் இட்டாற்போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாய் அமைந்திருக்கும். மேற்செதில்கள் வழவழப்பாக இரா. ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய முகடு ஓடுவதால் சொரசொரப்பாகத் தோன்றும். மீனும் தவளையும் இதன் உணவு. முன்கோபம் மிகுதி; மிதித்தாலோ பிடித்தாலோ தயங்காமல் கடிக்கும். கடித்த இடத்தில் சிறு பற்களின் கீறல்கள் வளைவாக விழுந்து, அஞ்சத்தக்க அளவில் இரத்தம் வடியும். நஞ்சு மட்டும் இல்லை. சுரக்குடிப் பையனைக் கடித்ததும் பெரும்பாலும் இதுவாகவே இருந்திருக்கலாம்.

இதற்கு உறவினர் சிலரும் உண்டு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் புல்வெளியிலும் வரப்போரத்திலும் காணப்படும் மெல்லிய பாம்பு ஒன்றை நீர்க்காத்தான்குட்டி என்பர். முதுகில் தலை முதல் வால்வரை இரண்டு மஞ்சள் கோடுகள் நாடாப் பிடித்தாற்போல் ஓடும். பரம சாது, கையால் எடுத்தாலும் கடிப்பது அரிது. குளத்திலும் கிணற்றிலும் வாழும் இன்னொன்று, புள்ளியோ பட்டையோ எதுவுமின்றி முதுகெல்லாம் ஒரே பாசிப்பச்சையாகவும் அடிவயிறு மஞ்சளாகவும் இருக்கும். அதற்கும் நஞ்சில்லை. சாரைப்பாம்பும் நன்றாக நீந்தும். சாரையும் நல்லபாம்பும் பிணையும் என்று நம் ஊர்களில் சொல்வது வெறுங்கதை. பின்னிக்கொண்டு எழுந்து நிற்பவை பெரும்பாலும் வலிமை காட்டும் இரண்டு ஆண் சாரைகளே.

இவ்வளவையும் படித்தவர், 'இனி எமக்குத் தெரிந்துவிட்டது' என்று நூலை மூடிவிடக் கூடாது. இடர் இனிமேல்தான் இருக்கிறது.

'தண்ணீரில் இருந்தது, ஆகவே தண்ணீர்ப்பாம்பு' என்பது நம் வட்டாரத்தில் வேரூன்றிய தவறு. நல்லபாம்பு மிக நன்றாக நீந்தும். தவளையையும் எலியையும் தேடி நெல்வயலுக்கு வருவதே அதன் வழக்கம். வாய்க்காலைக் கடப்பது அதற்கொரு பொருட்டன்று. நீந்துகையில் அது படமெடுப்பதில்லை. படம் விரியாத நல்லபாம்பின் முதுகில் மூக்குக்கண்ணாடிக் குறியும் தெளிவாகத் தெரிவதில்லை. மறுபுறம், தண்ணீர்ப்பாம்போ கழுத்தைத் தட்டையாக்கிப் படமெடுப்பது போல் நடிக்கிறது! ஒன்று தன்னைக் காட்டாமல் போகிறது. மற்றொன்று தான் அல்லாததைக் காட்டுகிறது. அந்திப்பொழுதில், கலங்கல் தண்ணீரில், காலை உதறிக்கொண்டு நிற்கும் சிறுவன் இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவான்? அவன் கண்ட அடையாளம் வாலின் நுனி ஒன்றே.

'தலை முக்கோணமாக இருந்தால் நஞ்சு' என்பது பிறநாட்டு நூல்களிலிருந்து நம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவிய விதி. விரியன்கள் மிகுந்த நாடுகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். நல்லபாம்பின் தலையும் கட்டுவிரியனின் தலையும் கழுத்தோடு ஏறத்தாழ ஒரே அகலமாய் இழைந்திருக்கும். நஞ்சற்ற தண்ணீர்ப்பாம்போ சினங்கொண்டால் தலையை முக்கோணமாக்கிக் காட்டும். 'இரண்டு பல் பதிந்தால் நஞ்சு, பல பல் பதிந்தால் நஞ்சில்லை' என்பதும் அப்படியே. பாம்பு வழுக்கிக் கடித்தால் ஒரு பல்லே பதியும். இருமுறை கடித்தால் நான்கு பதியும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பல நேரங்களில் ஒரு குறியுமே இராது.

கட்டுவிரியனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கருநீலம் படர்ந்த கறுப்புடலில், வெண்ணிற வளையங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாய் நெருங்கி அமைந்திருக்கும். இவ்வளையங்கள் வால் பக்கம் தெளிவாகவும், கழுத்துப் பக்கம் மங்கியோ இல்லாமலோ இருக்கும். முதுகின் நடுவில் ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றினும் பெரியவை. இதைப் போலவே தோன்றும் நஞ்சற்ற பாம்பு ஒன்று நம் வீடுகளின் சுவரிலும் கூரைச் சந்திலும் பல்லி தேடித் திரிகிறது; ஓநாய்ப்பாம்பு என நூல்கள் கூறும். அதற்கு வளையங்கள் கழுத்திலேயே பளிச்செனத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். நிறமும் கறுப்பாக அன்றிப் பழுப்பாகவே இருக்கும். கழுத்தில் தொடங்கினால் ஓநாய்ப்பாம்பு, வாலில் மிகுந்தால் கட்டுவிரியன் என்று நினைவில் வைக்கலாம். எனினும், இரவில் விளக்கை ஏற்றி வளையம் எண்ணும் வேலையை எவரும் மேற்கொள்ள வேண்டா. பகலில் சோம்பிக் கிடக்கும் கட்டுவிரியன் இரவில்தான் வெளிப்படும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் நுழைந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடி எறும்பு கடித்தது போலும் இராது. உறங்குபவர் பலர் விழிப்பதுகூட இல்லை. விடியலில் வயிற்றுவலி என்பர், பிறகு இமைகள் தாமே மூடும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், மூச்சு நிற்கும். வயிற்றுவலிக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்த வீடுகள் உண்டு.

கண்ணாடிவிரியனை அறிவது இவற்றுள் எளிது. தடித்த உடல், பழுப்பு முதுகில் கறுப்பு விளிம்பிட்ட நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாய்ச் சங்கிலிபோல் தொடரும். நெருங்கினால் குக்கரில் ஆவி வெளிவருவது போன்ற பேரோசையுடன் சீறும். அறுவடைக்குப்பின் வைக்கோலும் எலிவளையும் உள்ள இடம் அதற்கு உகந்தது. அதன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தைத் தாக்கும். நான்காவதான சுருட்டைவிரியன் வறண்ட நிலத்துக்கு உரியது. சேறும் நீருமான நம் வயல்களில் அவ்வளவாகக் காணப்படுவதில்லை.

இனிக் கடற்கரைக்கு வருவோம். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய ஊர்களின் மீனவக் குடும்பங்களும் இவ்விதழை வாசிக்கின்றன அன்றோ? அரசலாறு கடலோடு கலக்கும் உவர்நீரில், சாம்பல் நிறத்தில் கரும்பட்டைகளோடு, கண்கள் சற்று மேல்நோக்கி அமைந்த பாம்பு ஒன்று சேற்றில் கிடக்கும். அதன் மெல்லிய நஞ்சு மீனைத்தான் மயக்கும், மனிதருக்குக் கேடில்லை. ஆனால் அதே முகத்துவாரத்துக்குள் கடற்பாம்பும் வந்து போகும். கடற்பாம்பு எதுவாயினும் வால், துடுப்பின் அலகு போலப் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். மற்றதன் வால் உருண்டு கூராக முடியும். இந்த ஒரு வேறுபாட்டை வலையிழுக்கும் பிள்ளைகள் எல்லாரும் கற்றிருக்க வேண்டும். கடற்பாம்புகளுள் மிகக் கொடியதென்று கருதப்படும் இனத்துக்கு 1803-ல் அறிவியற்பெயர் இடப்பட்டபோது, அதன் மூலமாதிரியின் இடமாகக் குறிக்கப்பட்டது நமக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியே. பழைய விலங்கியல் ஏடுகளில் 'வலக்கடியன்' என்னும் கரையோரச் சொல்லே அதன் பெயராகச் சிதைந்து பதிவாகியும் இருக்கிறது. இதன் கடியில் வலியும் வீக்கமும் பெரிதாக இரா. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, விறைப்பு, பிறகு கருஞ்சிவப்புச் சிறுநீர். 'வலையில் வந்த தண்ணீர்ப்பாம்புதானே' என்று வெறுங்கையால் எடுத்தெறிவது எத்துணைத் துணிச்சல் என்று பாருங்கள்.

பாம்புக்கடிக்கு மெய்யான மருந்து பிறந்த கதையும் ஒரு வெள்ளத்தில்தான் தொடங்குகிறது. 1891-ல் தென் வியத்நாமில் பாக்லியூ என்னும் இடத்தருகே மழைவெள்ளம் வந்து நாகங்களைக் குடிசைகளுக்குள் விரட்டியது. நாற்பது பேர் கடிபட்டனர், நால்வர் இறந்தனர். ஊரார் ஒருவர் அப்பாம்புகளை உயிரோடு பிடித்துப் பீப்பாயில் அடைத்தார். அவை சைகோன் நகரில் அவ்வாண்டுதான் ஆய்வுக்கூடம் தொடங்கியிருந்த ஆல்பெர் கால்மெத் என்னும் பிரெஞ்சு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தன. அப்போது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நம்மவர் பலர் அதே சைகோனுக்கு வேலை தேடிக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கால்மெத் அந்த நஞ்சை ஆராய்ந்து, சில ஆண்டுகளுக்குள் பாரிசில் நாகத்தின் நஞ்சை முறிக்கும் ஊசிமருந்தை உருவாக்கினார். இவர் நமக்கு அன்னியரும் அல்லர்: பிறந்த குழந்தையின் இடத்தோளில் போடும் பி.சி.ஜி. ஊசியின் நடு எழுத்து இவர் பெயரே. கடைசி எழுத்து இவருடைய துணைவர் கெரேன்.

ஆனால் நாகத்தின் நஞ்சுக்கென ஆக்கிய மருந்து கண்ணாடிவிரியனின் நஞ்சை முறிக்கவில்லை என்பது பின்னர் இந்தியாவில் தெரியவந்தது. ஆகவே நம் நாட்டில் இன்று தயாராகும் மருந்து, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுகிறது. அந்நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலமாய்த் தந்து வருபவர்கள், செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தோன்றிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாய்ப் பாம்பின் தடத்தை மண்ணில் படித்த அம்மக்களை நாம் எவ்வளவு காலம் ஏளனமாய்ப் பார்த்தோம்!

இங்கே வாசகர் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்த ஒரே குப்பி நான்கு பாம்புக்கும் பொது. அப்படியானால், கடித்தது நல்லபாம்பா விரியனா என்று வீட்டில் அமர்ந்து வழக்காடுவதால் வரும் பயன் என்ன? மருத்துவர் பாம்பின் பெயரைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதில்லை. சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார். உறையாவிடில் விரியனின் நஞ்சு என்பது விளங்கும். இமை தொங்குகிறதா, மூச்சு இளைக்கிறதா என்று நோக்குவார். நரம்பைத் தாக்கும் நஞ்சாயின் அவற்றில் தெரியும். எந்த அடையாளமும் தோன்றாவிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனிப்பார். கடற்பாம்பின் நஞ்சுக்கு இம்மருந்தில் மாற்றில்லை. எனினும் மூச்சுக் கருவியும் சிறுநீரகச் சிகிச்சையும் அங்கேதான் உண்டு.

எனவே அந்தத் தந்தையின் இரண்டாம் கேள்விக்கு நம் விடை: அன்று செய்தது சரியன்று. பையன் பிழைத்தது பெரியவரின் தீர்ப்பால் அன்று. கடித்த பாம்புக்கு நஞ்சில்லாததால், அல்லது நஞ்சிருந்தும் அது செலுத்தாததால். நச்சுப்பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடித்துவிடும். மந்திரிப்பவர்களும் பச்சிலை கொடுப்பவர்களும் புகழ் பெறுவது இதனாலேயே. அவர்களிடம் வருவோரில் பலர் தண்ணீர்ப்பாம்பாலும் சாரையாலும் கடிபட்டவர்கள். எதைக் கட்டினாலும் பிழைப்பார்கள். பிழைத்தவர் ஊரெங்கும் புகழ் பரப்புவார். பிழைக்காதவர் எங்கே போய்ச் சொல்வார்?

புனித சின்னப்பர் மால்டா தீவில் கரையேறியபோது நிகழ்ந்ததை அப்போஸ்தலர் பணி 28-ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். விறகுக் கட்டிலிருந்து விரியன் அவர் கையைப் பற்றியது. சுற்றி நின்றவர்கள் முதலில் அவரைக் கொலைபாதகன் என்றனர். வீங்குவார், விழுவார் என்று நெடுநேரம் காத்திருந்து பார்த்தனர். ஒன்றும் ஆகாததைக் கண்டதும் தெய்வம் என்றனர். இரண்டு முறையும் தவறாகவே சொன்னார்கள். பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. அக்காலத்தில் மருந்தில்லை, காத்திருப்பதொன்றே செய்யக்கூடியது. காரைக்காலில் மருத்துவமனை இருக்கும் நாம், மால்டாத் தீவினரைப் போல் சுற்றி நின்று வீங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாமா? அந்த இரவில் தாயார் சொல்லிய செபமாலையைக் குறை கூறுவோமா நாம்? மருத்துவமனைக் கட்டிலின் அருகிலும் அதே செபமாலையைச் சொல்லியிருக்கலாம் என்றுதான் சொல்கிறோம்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-ல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது, பெரும்பாலும் கிராமத்தார். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இச்சாவுகளை 2030-க்குள் பாதியாக்க வேண்டுமென்று நடுவணரசு 2024-ல் ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. திட்டம் தில்லியில் இருக்கட்டும். வரப்பில் கடிபட்டவனை வண்டியில் ஏற்றும் கை சுரக்குடியில்தான் இருக்கிறது.

ஏற்றுமுன் செய்யத்தக்கவை சிலவே. கடிபட்டவரை ஓடவிடாமல் படுக்கவைத்து, கடிபட்ட காலையோ கையையோ பிளாச்சு வைத்து அசையாதபடி தளர்வாகக் கட்ட வேண்டும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் காணுமுன்னே கழற்றிவிட வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், மிளகு தின்னக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று சோதிப்பதும் கேடு விளைப்பவை. இறுகக் கட்டிய கட்டினாலேயே கால் அழுகி இழந்தவர்கள் உண்டு. பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போனவரும் கடிபட்டு, ஒரே வண்டியில் இருவராய் வர நேரும். எட்ட நின்று கைப்பேசியில் படமெடுக்க முடிந்தால் நன்று. இல்லையேல் நேரத்தை வீணாக்க வேண்டா. 108-ஐ அழையுங்கள், அது வரத் தாமதமெனில் கிடைத்த வண்டியில் புறப்படுங்கள்.

அப்படியாயின் கண்கோடும் வளையமும் வால் தட்டையும் எதற்குக் கற்றோம் என்று கேட்பீர்கள். கடிபடுமுன் பயன்படுவதற்கு. முற்றத்தில் கிடப்பது சாரை என்று அறிந்தவர் அதை அதன் வழியே போகவிடுவார், எலி குறையும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்தவரைத் தேடி வருமென்று அறிந்த தாய், பிள்ளைகளைக் கட்டிலில் படுக்கவைப்பாள். கட்டிலில்லாத வீட்டில் கொசுவலையைப் பாயின் அடியில் நாற்புறமும் செருகிவிடுவாள். விறகையும் வறட்டியையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க மாட்டாள். இரவில் மடை பார்க்கப் போகும் கணவனிடம் டார்ச்சு விளக்கையும் கழியையும் எடுத்துக் கொடுப்பாள். 2008 நவம்பர் 27-ல் நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தது போன்ற நாட்களில், வெள்ளத்துக்குத் தப்பிய பாம்பும் மனிதரும் ஒரே மேட்டைத்தான் நாடுவர். அப்போது மூட்டை முடிச்சுக்குள் கையை விடுமுன் தட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மூன்றாம் கேள்வி அந்தக் கொல்லைக் கிணற்றைப் பற்றியது. சுரக்குடிக்குப் போன அன்று அதையும் எட்டிப் பார்த்தோம். நண்பகல் வெயில் நேராக விழுந்திருந்தது. உறையின் இடுக்கிலிருந்து பாசிப்பச்சை நிறத்தில் ஒரு பாம்பு இறங்கி, நீரில் ஒரு சுற்றுச் சுற்றி, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. முதுகில் புள்ளியுமில்லை, பட்டையுமில்லை. திரும்பியபோது மஞ்சள் வயிறு தெரிந்தது. முன்னே சொன்ன கிணற்றுவாசிதான் அது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவூட்டி, அதை அடிக்க வேண்டா என்றோம். ஆனால் கிணற்றின் கைப்பிடிச்சுவர் ஒருபுறம் இடிந்து முழங்கால் உயரமே இருக்கிறது. வீட்டில் நடைபழகும் குழந்தை ஒன்றும் உண்டு. பாம்பை விட்டுவிட்டு அந்தச் சுவரை உடனே எடுத்துக் கட்டும்படி கேட்டுக்கொண்டோம். தை அறுவடை முடிந்ததும் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டியிருக்கிறாராம்.